‘ஆல்தோ’ வந்த பிறகு ‘பட்’ எதற்கு? – கேள்வி பதில்

ஹட்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆங்கில இணைப்புச் சொற்களைப் பற்றி மலையகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மஸ்கெலியா, 11ஆம் தர மாணவி): சேர், ‘ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் மை மதர் வென்ட் டு வேர்க்’ என்று எழுதினேன். ‘பட்’ மேல் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. பொருள் சரிதானே?

பதில்: பொருள் சரி மகள், சொல் ஒன்று கூடிவிட்டது. ‘மழை பெய்தாலும் ஆனால் அம்மா வேலைக்குப் போனார்’ என்று தமிழில் சொல்லிப் பார். காது கூசுகிறது அல்லவா? நம் ‘ஆலும்’ வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லாததால் அதே வேலையை ‘ஆல்தோ’ முன்னால் நின்று செய்கிறது. அது வந்த பிறகு ‘பட்’டுக்கு வேலை இல்லை. ‘ஆல்தோ’வை எடுத்துவிட்டு ‘பட்’டை வைத்துக்கொண்டாலும் வசனம் சரிதான். ஆனால் தொனி மாறும். ‘பட்’ போட்டால் மழையும் அம்மாவின் வேலையும் சமமாக நிற்கும். ‘ஆல்தோ’ போட்டால் மழை பின்னுக்குப் போய் அம்மா முன்னுக்கு வருவார். உனக்கு யார் முக்கியம் என்று பார்த்துத் தேர்ந்தெடு.

‘பிகாஸ்’, ‘சோ’ இரண்டையும் ஒரே வசனத்தில் கட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு தாய்): சேர், என் மகன் ‘அன்லெஸ்’ வரும் இடமெல்லாம் ‘நொட்’டையும் சேர்த்துவிடுகிறான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: திட்டாதீர்கள் அம்மா, நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்ட வாசிகசாலைக்கு ஆங்கில அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன்: ‘அன்லெஸ் மெம்பர்ஸ் டோன்ட் ரிட்டர்ன் த புக்ஸ், அ ஃபைன் வில் பி சார்ஜ்ட்.’ புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் தண்டப்பணம் என்று எழுதியதாக எனக்கு நினைப்பு. சுவரில் தொங்கியதோ நேர்மாறு: புத்தகத்தை அமுக்கிக்கொண்டவர் தப்பினார், ஒழுங்காகத் தந்தவர் பணம் கட்ட வேண்டும்! மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு, ‘அப்படியானால் நான் புத்தகத்தைத் தரவே மாட்டேன்’ என்றார்.

நம் ‘ஆவிட்டால்’ முழுவதும் ‘அன்லெஸ்’ஸுக்குள் அடங்கிவிடுகிறது. 18 கிலோ தேயிலைக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. ‘அன்லெஸ் யூ ப்ளக் 18 கிலோஸ், யூ கெட் ஹாஃப் அ டேஸ் பே.’ ‘நொட்’ வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றால் ‘அன்லெஸ்’ஸைத் தூக்கிவிட்டு ‘இஃப்’ போடச் சொல்லுங்கள்: ‘இஃப் யூ டு நொட் ப்ளக்...’

‘அன்டில்’லிலும் இதே வழுக்கல் உண்டு. ‘அம்மா வராத வரை’ என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு ‘அன்டில் மதர் டஸ்ன்ட் கம்’ என்று எழுதுகிறார்கள். ‘வரும்வரை’ என்று நினைத்தால் ‘டோன்ட் ஓப்பன் த டோர் அன்டில் மதர் கம்ஸ்’ என்று தானாக வரும்.

கேள்வி (நானுஓயா, வேலை செய்யும் இளைஞர்): கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு, ‘இஃப் ஐ கெட் மை சாலரி, ஐ வில் பே’ என்று கடிதம் எழுதினேன். நண்பன் பார்த்துச் சிரிக்கிறான். என்ன பிழை?

பதில்: இலக்கணத்தில் பிழை இல்லை தம்பி, பிழை நம்பிக்கையில். சம்பளம் வருமோ வராதோ என்று நீங்களே சந்தேகப்படுவதாகக் கடன் கொடுத்தவர் நினைப்பார். ‘விடிந்தால் தீபாவளி’ என்கிறோம், விடியுமா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ் ‘ஆல்’ நிச்சயத்தையும் சந்தேகத்தையும் ஒரே கூடையில் சுமக்கும். ஆங்கிலத்தில் கூடை இரண்டு: நடப்பது உறுதியானால் ‘வென்’, நடக்குமோ என்னவோ என்றால் ‘இஃப்’. உங்களுக்கு வேண்டியது ‘வென் ஐ கெட் மை சாலரி’. ‘வென் ஐ வில் கெட்’ என்று மாற்றிவிடாதீர்கள், ‘வில்’ பின்பாதியில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி (பதுளை, மாணவன்): தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை என்பதற்கு ‘டீ அன்ட் கோஃபி’யா, ‘டீ ஓர் கோஃபி’யா?

பதில்: ‘ஐ டோன்ட் ட்ரிங்க் டீ ஓர் கோஃபி.’ இரண்டு ‘உம்’மைப் பார்த்து ‘அன்ட்’ போட்டால், இரண்டையும் சேர்த்துக் குடிப்பதில்லை, தனித்தனியாகக் குடிப்பேன் என்றும் யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (பண்டாரவளை, மாணவி): ‘நோ சூனர்’ வந்தால் பிறகு ‘வென்’ வருமா?

பதில்: வராது, ‘தேன்’தான். ‘சூனர்’ ஒப்பிடும் சொல், ‘பெட்டர் தேன்’ போல. ‘நோ சூனர் ஹேட் த பொடி மெனிக்கே ரீச்ட் ஹட்டன் தேன் த வடை வெண்டர்ஸ் கேம் ரன்னிங்.’ (பொடி மெனிக்கே நம் மலையக ரயில்.) ‘ஹேட்’ முன்னால் வருவதைக் கவனி. ‘வென்’ வருவது ‘ஹார்ட்லி’க்குப் பின்னால். வடை விற்கிறவர் யாரும் இப்படிப் பேச மாட்டார், ‘அஸ் சூன் அஸ்’ போதும். பரீட்சைக்காகப் படித்து வை.

கேள்வி (அதே மாணவி): ‘அன்ட்’, ‘பட்’ இரண்டிலும் வசனம் தொடங்கக் கூடாது என்கிறார்களே?

பதில்: அப்படி ஒரு விதி இல்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பார். 31 வசனங்களில் முதலாவதும் 27ஆவதும் தவிர மற்ற எல்லாம் ‘அன்ட்’ என்றே தொடங்குகின்றன. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஐ வோர் அ ஸ்வெட்டர். பிகாஸ் இட் வாஸ் கோல்ட்.’ இங்கே ‘பிகாஸ்’ பகுதி தனியே நிற்க முடியாமல் தவிக்கிறது. நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளியை அழித்துவிட்டு இரண்டையும் ஒன்றாக எழுது.