பத்து மாதக் குழந்தை எங்களிடம் ஒட்டுமா?

கேள்வி: கொடைக்கானலில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தத்தெடுக்கப் பதிந்து பல வருடம் காத்திருந்ததில், பத்து மாதப் பெண் குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கிறாள். பார்க்கப் போனால் காப்பகத்து ஆயாவின் கழுத்தை விடாமல் கட்டிக்கொண்டு எங்களைக் கண்டு வீறிட்டாள். "பிறந்த குழந்தைதான் ஒட்டும், மலைக்குக் கீழே அப்படிக் குழந்தை வாங்கித் தர எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்" என்கிறார் உறவினர். என்ன செய்யலாம்?

பதில்: அவள் அழுதது நல்ல சேதி. ஆறேழு மாதம் வரை பிள்ளைகள் பெரும்பாலும் யார் தூக்கினாலும் போவார்கள். அப்புறம்தான் தன் ஆள், வேற்றாள் என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஆயாவிடம் ஒட்டத் தெரிந்தவளுக்கு உங்களிடமும் ஒட்டத் தெரியும்.

பால் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 1964இல் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பற்றி ஷாஃபர், எமர்சன் வெளியிட்ட ஆய்வில், பல குழந்தைகள் அதிகம் ஒட்டியது குளிப்பாட்டி ஊட்டியவரிடம் அல்ல. தன் அழைப்புக்கு உடனே முகம் காட்டியவரிடம். ஆகவே இரவில் சிணுங்கினால் நீங்கள் இருவர் மட்டுமே தூக்குங்கள். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைக்காமல் மடியில் கிடத்திக் கொடுங்கள். காப்பகத்தில் அவள் போர்த்திய துணியைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் கொண்டு வாருங்கள். அந்த வாசம் அவளுக்குத் தெம்பு. ஆயாவோடு முடிந்தவரை பலமுறை பழகிவிட்டுக் கூட்டி வாருங்கள். பெயர் சூட்டு விழாவைத் தள்ளிப்போடுங்கள். மே மாத சீசனில் அறைகளைப் பார்க்க வேறு ஆள் வையுங்கள், குழந்தையைப் பார்க்க அல்ல.

ஒன்றே ஒன்றில் கவனம். வந்த நாள் முதல் யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு தாவினால், "எவ்வளவு சமத்து!" என்று ஊர் மெச்சும். நீங்கள் மெச்ச வேண்டாம். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கை மாறி வளர்ந்த பிள்ளைகளிடம் இது உண்டு. பாசம் இல்லை என்று பொருளல்ல. ஒருவரையே நம்பலாம் என்று இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பல மாதம் ஆகியும் உங்களைத் தேடாமல், விழுந்து அடிபட்டாலும் உங்களிடம் வராமல் இருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகள் விஷயத்தில் இந்தக் கவலைக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, அந்தத் 'தெரிந்தவர்'. ஆஸ்பத்திரி வாசலில், ஸ்கேன் சென்டர் பக்கத்தில் இப்படி ஒருத்தர் எப்போதும் இருப்பார். பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயர் வரும் என்பார், அதுதான் மோசடி. 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை அம்பலமானது நினைவிருக்கும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். போலீஸ் வரும் நாளில் பிள்ளை உங்களை அப்பா, அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கும். அன்றைக்குப் பிரித்தால் யாருக்கு வலி?

தரகர்களை வளர்ப்பதே தாமதம்தான். ருமேனியாவில் 136 காப்பகக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களே பிணைப்பில் நன்றாகத் தேறினார்கள். இங்கே கையெழுத்துக்காகக் கோப்பு தூங்குகிறது, பிள்ளையின் மாதங்கள் ஓடுகின்றன. தத்து உத்தரவு 2022 முதல் நீதிமன்றத்திலிருந்து கலெக்டரிடம் வந்தது. அதற்காக மேசை மேல் கோப்பு குறைந்துவிடவில்லை. திண்டுக்கல் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய்க் கேளுங்கள், வாரம் தவறாமல் கேளுங்கள்.

உறவினரிடம் அந்த ஆளின் நம்பரை வாங்கி குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிடுங்கள்.