இரு தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையே: தூரமும் பறக்கும் நேரமும் – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே 1,800 கி.மீ., பறக்கும் நேரம் 2 மணி 45 நிமிடம் என்று ஒரு கணக்கீட்டுத் தளம் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியை அளந்து சொல்வதால் தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நேரமோ, அந்தத் தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென்று அரை மணி சேர்த்த கணக்கு. அந்த இரு ஊர்களுக்கும் நேரடி விமானமே இல்லாவிட்டாலும் அதே விடைதான் வரும். சிறிய நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் மூன்றாவது ஊர் ஒன்றில் மாறித்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், கால அட்டவணையைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நேர்கோட்டில் போகாமல் விமானம் ஏன் வளைந்து போகிறது?

பதில்: வளைந்திருப்பது வரைபடம். 1569-இல் வரைபடக் கலைஞர் மெர்க்கேட்டர் வகுத்த முறையில் வரைந்த படத்தில் மிகக் குறுகிய வழி வில்லாகத் தெரியும். உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், விளங்கும்.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் விரைவில் சேர வேண்டுமே? நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

பதில்: காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. வேறுபாட்டுக்குக் காரணம் எதிர்க்காற்றும் பின்காற்றும்தான். 1,800 கி.மீ. வழியில் 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு மணிக்கு 100 கி.மீ. வேக எதிர்க்காற்று இருந்தால் 2 மணி 34 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதுவே பின்காற்றாகி 2 மணியில் கொண்டு சேர்க்கும். கூட்டினால் 4 மணி 34 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் நான்கரை மணி. போகையில் இழந்ததைக் காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை.

கேள்வி: அப்படியானால் சுழற்சிக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா? ஏற்க முடியவில்லை.

பதில்: நேரடிப் பங்கு இல்லை, மறைமுகப் பங்கு பெரிது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றைச் சுழற்சிதான் திசை திருப்பி, ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டமாக ஆக்குகிறது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணிக்கும் குறைவாகச் சேர்ந்தது இந்தக் காற்றோட்டத்தின் துணையால்தான். உங்கள் ஐயம் நல்ல ஐயம். முடிவு மட்டுமே பிழை.

கேள்வி: தளம் காட்டும் நேரத்தை வைத்து, ஒன்றரை மணி இடைவெளியில் அடுத்த விமானத்துக்குப் பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பத்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குச் சேர்வதாகச் சீட்டில் இருக்கிறது. பயணம் ஒரு மணிதானா?

பதில்: அவை அந்தந்த ஊர் நேரங்கள். நேர வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு சுமை கொண்டு போகலாம்?

பதில்: அதை விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்களுக்கு இடையே 1,000 கி.மீ. எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: மீண்டும் அதே கேள்வி. தூரத்தை மட்டும் சொன்னால் விடை கிடையாது. எந்த வகை விமானம் என்பதையும் பாருங்கள். சிறிய நிலையங்களுக்கு வரும் சுழல்விசிறி (புரொப்பல்லர்) விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில்தான் போகும், வானில் மட்டும் இரண்டு மணிக்கு மேல் ஆகும்.