முசுறும் முந்திரியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூச்சிகளிடமிருந்து மனிதர்கள் கற்றுக்கொண்டவை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு நாற்பது முந்திரி மரமும் பதினைந்து மாமரமும் உண்டு. மாமரங்களில் முசுறு, அதாவது இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, அப்பிக் கிடக்கிறது. காய் பறிக்க ஆட்கள் ஏற மாட்டேன் என்கிறார்கள். உரக்கடையில் கேட்டால், ஒரே தெளிப்பில் ஒழித்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் சீனாவில் ஆரஞ்சுத் தோட்டத்துக்காக இதே எறும்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று படித்தேன்.

எங்கள் முந்திரியில் தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, கொழுந்தில் சாறு உறிஞ்சும் பூச்சி) அதிகம். அதனால் சென்ற ஆண்டு தெற்கு வரப்பு மாமரத்திலிருந்து ஒரு கூடு, கிணற்றடி மாமரத்திலிருந்து ஒரு கூடு என்று இரண்டைக் கிளையோடு வெட்டி வந்து ஒரு முந்திரி மரத்தில் கட்டினேன். மறுநாள் மரத்தடியில் எறும்புகள் ஒன்றை ஒன்று கவ்வியபடி செத்துக் கிடந்தன. பதினைந்து நாளில் மரத்தில் ஒரு முசுறுகூட இல்லை. எங்கே தவறு? இவற்றை வைத்துக்கொள்வதா, ஒழிப்பதா? இலையைத் தைக்க அதற்கு நூல் எங்கிருந்து வருகிறது என்று என் மகளும் கேட்கிறாள்.

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வைத்துக்கொள்ளுங்கள். உரக்கடைக்காரர் சொன்னபடி தெளித்தால் முசுறு உறுதியாகச் சாகும். தேயிலைக் கொசுவும் சாகும், ஆனால் அது பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து திரும்பி வந்துவிடும். முசுறுக்கு அப்படித் திரும்பி வர வழி கிடையாது. பறந்து வந்து இறங்கும் புது ராணி ஒன்று, ஒற்றை ஆளாக ஓர் இலை மடிப்பில் ஒளிந்து முட்டையிட்டு, முதல் வேலைக்காரிகள் வெளிவரவே சுமார் ஒரு மாதம் ஆகும். தோப்பைக் காவல் காக்கும் அளவுக்குப் பெருகச் சில ஆண்டுகள் வேண்டும்.

உங்கள் முயற்சி எங்கே தவறியது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. ‘ஒன்றை ஒன்று கவ்வியபடி செத்துக் கிடந்தன’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு கூடுகளும் இரண்டு வெவ்வேறு குடிகளைச் சேர்ந்தவை. ஒரு மரத்தில் தொங்கும் ஒவ்வொரு கூட்டையும் நாம் தனிக் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். முசுறின் ஒரு குடி பல மரங்களில் பரவி, பத்து இருபதிலிருந்து நூறு கூடுகளுக்கு மேல்கூட வைத்திருக்கும். பெரிய குடியில் ஐந்து லட்சம் எறும்புகள் வரை இருக்கலாம். அத்தனைக்கும் பொதுவாக ராணி ஒன்றே. அடுத்த குடியை மணத்தாலேயே இனம் கண்டுவிடும், கண்டதும் சண்டைதான். எல்லையோரக் கூடுகளில் வயதான வேலைக்காரிகளே குடியிருந்து காவல் காக்கின்றன. இரண்டு குடிகளுக்கு நடுவே எந்தப் பக்கமும் ஏறாத மரம் ஒன்றிரண்டு இருப்பதையும் பார்க்கலாம்.

இரண்டாவது தவறு, நீங்கள் கொண்டுவந்த கூடுகளில் ராணி இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராணி இல்லாத குடியில் வேலைக்காரிகள் முட்டையிட்டாலும் ஆண் எறும்புகளே பிறக்கும். புதிய வேலைக்காரிகள் வராமல் குடி தேய்ந்துபோகும். மூன்றாவது, வெட்டிய கிளையின் இலை இரண்டு மூன்று நாளில் காய்ந்து கூடு பிரிந்துவிடும். அதற்குள் பக்கத்தில் புதுக்கூடு கட்ட வேண்டும், ஆனால் சண்டையில் ஆள் இழந்த குடிக்கு அதற்குத் தெம்பு இருந்திருக்காது.

நீங்கள் படித்த சீனச் செய்தி சரிதான். சீ ஹான் என்பவர் கி.பி. 304-ல் எழுதியதாகக் கருதப்படும் தென்னாட்டுத் தாவரங்கள் பற்றிய நூலில், சந்தையில் எறும்புகளை இலையும் சுள்ளியும் கூடுமாகக் கோரைப் பையில் வைத்து விற்றார்கள் என்றும், அவை இல்லாவிட்டால் பழமெல்லாம் பூச்சியரித்துப் போகும் என்றும் இருக்கிறது. ஒரு பூச்சியைக் கொண்டு இன்னொரு பூச்சியை அடக்கியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. பிற்காலச் சீனத் தோட்டக்காரர்கள் மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் வைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாலம்தான். எறும்பை விட்டால் போதாது, அது நடக்கும் வழியையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடமும் கவனித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நற்றிணையில் இதன் பெயர் முயிறு. மரத்தில் முயிறு மொய்த்த கூட்டை நாரை உரசிவிட, செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்து கொட்டியதுபோல் எறும்பும் முட்டையும் சிதறுவதாக ஒரு பாட்டு (180) சொல்கிறது. கூட்டை உடைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அந்த நிறம் அப்படியே இருக்கும்.

முந்திரிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் ரென்காங் பெங், கீத் கிறிஸ்டியன் இருவரும் 1990-களிலிருந்து முந்திரியிலும் பிறகு மாவிலும் இதே முசுறை வைத்து ஆய்வு செய்தார்கள். அங்கும் முந்திரியின் பெரிய எதிரி தேயிலைக் கொசு இனத்தைச் சேர்ந்ததுதான், வகை மட்டும் வேறு. முசுறு இருந்தும் சில மரங்களில் சேதம் ஏன் என்று தேடியபோது முதன்மையாகக் கிடைத்த காரணம் எல்லைச் சண்டை. குடிகளைப் பிரித்து வைத்ததும் எறும்பின் எண்ணிக்கை நிலைத்தது. ஆகவே முசுறு வளர்ப்பில் உங்கள் வேலையில் பாதி எல்லை பார்ப்பது.

எல்லையை இப்படிக் கண்டுபிடியுங்கள். ஒரு மரத்து முசுறு ஐந்தாறைக் குச்சியில் ஏற்றி அடுத்த மரத்துத் தடத்தில் விடுங்கள். உணர்கொம்பால் தடவிப் பார்த்துவிட்டுக் கலந்து போனால் ஒரே குடி. கால்களை நாலாபுறமும் பிடித்து இழுக்கத் தொடங்கினால் வேறு குடி. ஒவ்வொரு மரத்தையும் இப்படிச் சோதித்து, குடிக்கு ஒரு நிறமாக அடிமரத்தில் சுண்ணாம்போ பெயிண்டோ பூசிவிடுங்கள். பிறகு ஒரே நிற மரங்களை நார்க்கயிறு கட்டி இணைக்க வேண்டும், தரையில் இறங்காமலே போய்வரும். வேறு நிற மரங்களுக்கிடையே தொடும் கிளைகளைக் கவாத்து செய்து இடைவெளி விட வேண்டும். காற்றில் ஆடினாலும் தொடக்கூடாது. கவாத்து செய்த ஆறு மாதத்தில் கொழுந்து நீண்டு மறுபடி தொட்டுவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குடியை மாற்றுவதானால் ஒரே நிற மரங்களின் எல்லாக் கூடுகளையும் எடுக்க வேண்டும். ராணி இருக்கும் கூடு பெரும்பாலும் மேலே, இலை அடர்ந்த இடத்தில் இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பது கடினம், ஒன்று விடாமல் எடுப்பதே வழி. கூட்டுக்குள் இறக்கையோடு பச்சை நிறத்தில் பெரிய எறும்புகளைப் பார்த்தால் ராணி கிடைத்துவிட்டதென்று நினைக்காதீர்கள். அவை மழைக்காலத்தில் பறந்துபோகப் போகும் கன்னிகள். குடியின் ராணிக்கு இறக்கை இருக்காது, வயிறு உப்பி, வேலைக்காரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருக்கும்.

மழையில்லாத நாளில், குளிர் விலகாத அதிகாலையில் வேலையைத் தொடங்குங்கள். கூட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிளையை வெட்டி நேராகச் சாக்குக்குள் இறக்குங்கள். சாக்கின் வாயில் உள்பக்கமாக முகப் பவுடர் தூவினால் ஏறி வருவது குறையும். வெயிலில் வைக்காமல் அன்றே புது மரத்தின் நிழலான கவையில், வாயைத் திறந்து கட்டிவிடுங்கள். அந்த மரத்திலோ அடியிலோ வேறு எறும்பு, முக்கியமாக மஞ்சள் நிறத்தில் நீண்ட காலோடு கண்டபடி ஓடும் எறும்பு இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும், இல்லையென்றால் முசுறு தோற்றுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 250 கிராம் சர்க்கரை கரைத்து, பஞ்சு அடைத்த சிறு புட்டியில் கிளையில் தொங்கவிடுங்கள். ஒரு துண்டுக் கருவாடும் செருகி வையுங்கள். புதுக்கூடுகள் எழும்வரை இதைத் தொடருங்கள். நாற்பது மரத்துக்கும் ஒரே குடி நிரவ வேண்டும் என்று அவசரப்படாமல் பத்துப் பதினைந்து மரத்தில் தொடங்கலாம். உங்கள் தோப்பு மாமரங்களை ஒட்டியிருந்தால் மாற்றவே வேண்டாம், மாமரத்திலிருந்து முந்திரிக்குக் கயிறு கட்டினாலே தானாக வந்து சேரும்.

எறும்பு போதுமா என்று பார்க்க டார்வின் ஆய்வாளர்களின் கணக்கு எளியது. ஒரு மரத்தின் முக்கியக் கிளைகளை எண்ணுங்கள். பத்துக்கு மேல் முசுறு நடமாடும் கிளைக்கு 1, அதற்குக் குறைவாக இருந்தால் அரை, ஒன்றுமே இல்லாவிட்டால் 0. கூட்டி, கிளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பாதிக்குக் குறையக்கூடாது. எட்டுக் கிளையில் மூன்றில் நிறைய, இரண்டில் கொஞ்சம் என்றால் நான்கு, சரியாகப் பாதி. இதற்குக் கீழே இறங்கினால் எங்கோ எல்லை உடைந்திருக்கிறது அல்லது யாரோ மருந்தடித்திருக்கிறார்கள். கார்த்திகையில் கொழுந்து வருமுன் ஒரு முறையும் பூக்கும்போது ஒரு முறையும் எண்ணுங்கள். தேயிலைக் கொசு கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சிய இடம் கருகிக் காயும். முதுகில் குண்டூசி நட்டதுபோல் ஒரு முள் நிற்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். ஒரு கொசு பல கொழுந்தைக் குத்தும் என்பதால் எண்ணிக்கை குறைவானாலும் சேதம் பெரிது. ஓயாமல் ரோந்து வரும் காவல் இதற்குப் பொருந்துவது அதனால்தான்.

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். தனியாக நின்று, கிட்டே போனால் குதித்து நூலில் இறங்கும் முசுறு எறும்பே அல்ல, எட்டுக்கால் சிலந்தி. முசுறின் உருவத்தை அச்சாக ஏற்ற குதிக்கும் சிலந்தி அது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொல்லவும் வேண்டாம்.

முசுறால் ஆகாதவையும் உண்டு. தண்டு துளைப்பான் புழு மரத்துக்குள் இருப்பதால் அதை எட்டாது. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் வழிகிறதா என்று நீங்கள்தான் பார்த்துப் புழுவை நோண்டி எடுக்க வேண்டும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி விஷயத்தில் முசுறு எதிரிப் பக்கம். அவை சுரக்கும் தேன்துளிக்காக மாடு மேய்ப்பதுபோல் காக்கும், இலையில் கரும்பூசணம் படரும். மரம் முழுக்கத் தெளிக்காமல், அவை அடர்ந்த கொத்தில் மட்டும் மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்து நனையத் தெளியுங்கள். அங்கிருக்கும் எறும்பு சிலது சாகும், குடிக்கு ஒன்றும் ஆகாது. மாங்காயில் சிறு கரும்புள்ளிகள் விழுந்தால் அது முசுறின் அமிலம் பட்டது. எல்லைச் சண்டை நடக்கும் மரத்தில் இது அதிகம், எனவே மறுபடி கவாத்துதான் மருந்து. மாறாக, மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் இதன் உறவு எறும்பு நடமாடிய மரங்களில் மாம்பழ ஈயின் சேதம் நன்றாகக் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். எறும்பு நடந்து விட்டுப்போன தடயமே ஈ முட்டையிடுவதைத் தடுக்கிறது.

இனி பறிக்கும் ஆட்கள். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, அந்தக் காயத்தில் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் அதனால். சலித்த அடுப்புச் சாம்பலையோ பவுடரையோ கையிலும் காலிலும் தடவிக்கொண்டால் பாதத்தின் ஒட்டுத்திண்டு பிடிக்காமல் எறும்பு வழுக்கும். வியர்வையில் கரைந்ததும் மீண்டும் பூச வேண்டும். பறிக்கும் கிளையில் தெளிப்பானால் வெறும் தண்ணீர் அடித்தால் சிறிது நேரம் இலைக்கடியில் ஒதுங்கும், அதற்குள் பறித்துவிடலாம். முடிந்தவரை வலைத் துரட்டியால் தரையிலிருந்தே பறிக்கட்டும். ஏறுபவர் கண்ணாடி போட வேண்டும், இதில் சமாதானம் கிடையாது. கண்ணில் அமிலம் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் முந்திரியில் கொட்டை பெரும்பாலும் கீழே விழுந்தபின் பொறுக்குவது என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

உங்கள் மகளுக்கு: நூல் பெரிய எறும்பிடம் இல்லை, புழுவிடம் இருக்கிறது. வேலைக்காரிகள் ஓர் இலை விளிம்பில் வரிசையாக நின்று அடுத்த இலையைத் தாடையால் கவ்வி இழுக்கும். இடைவெளி அதிகமானால் ஒன்றின் இடையை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். இலைகள் நெருங்கியதும் வேறு சில, வளர்ந்த புழுவை வாயில் ஏந்தி வந்து உணர்கொம்பால் அதன் தலையைத் தட்டும். புழு பட்டிழையை விடும். எறும்பு அதை இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் மாறி மாறித் தொட்டு, தறியில் நாடா ஓடுவதுபோல் ஓட்டும். பல எறும்பு இனங்களில் புழு தனக்குக் கூட்டுப்புழுப் பை பின்னிக்கொள்ள வைத்திருக்கும் இழை அது. முசுறுப் புழு அத்தனையையும் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. காற்றில் விழுந்து எறும்புகள் கைவிட்ட கூடு கிடைத்தால் பிரித்துக் காட்டுங்கள். முட்டை என்று நாம் சொல்லும் வெள்ளை மணிகளில் பெரியவற்றை லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் காலும் உணர்கொம்பும் மடங்கித் தெரியும். அவை கூட்டுப்புழுக்கள். மேலே ஓர் இழைகூட இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்