லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

நேர்கோட்டில் சுமார் 344 கி.மீ. தான். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம் வரை டிக்கெட்டில் 1 மணி 15 அல்லது 20 நிமிடம் என்று போட்டிருக்கும். அதில் வானத்தில் இருப்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். மீதியெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் முறைக்காகக் காத்து நிற்பதும்.

பலர் குழம்புவது கடிகாரத்தில். பாரிஸ் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். 9:00க்குக் கிளம்பினால் 11:20க்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பும்போது 9:00க்கு ஏறி 9:20க்கே லண்டன்! இரண்டு பக்கமும் பயணம் என்னவோ அதே 1:20 தான்.

ஆனால் விமான நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஹீத்ரோ போய்ச் சேர ஒரு மணி, முன்கூட்டியே இரண்டு மணி, இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, ஊருக்குள் போக ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் அரை மணி என்று சேர்த்தால் ஐந்து மணி தாண்டிவிடும். யூரோஸ்டார் ரயிலோ லண்டனின் செயின்ட் பான்க்ரஸ் நிலையத்திலிருந்து சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸ் நகர நடுவிலேயே, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை லண்டன் நிலையத்திலேயே நடப்பதால் ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க: பிரிட்டன் விசா பாரிஸில் செல்லாது, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும்.