விண்மீன்களின் காந்தச் சுழற்சி: எக்ஸ் கதிர் காட்டுவது என்ன?

திருச்சி மாணவி: சூரியனின் காந்தச் செயல்பாடு கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியை ஹைன்ரிச் ஷ்வாபே 1843இலேயே கரும்புள்ளிகளை எண்ணிச் சொல்லிவிட்டார். மற்ற விண்மீன்களுக்கு மட்டும் எக்ஸ் கதிர் எதற்கு ஐயா?

பதில்: எண்ணுவதற்குக் கரும்புள்ளி கண்ணில் பட வேண்டுமே அம்மா! நமக்கு அந்த விண்மீனே ஒரு புள்ளிதான். சரி, மொத்த வெளிச்சத்தை அளக்கலாம் என்றால், சூரியனிலேயே அது ஒரு சுழற்சிக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறுகிறது. மென் எக்ஸ் கதிரிலோ, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரிலோ, அதே சூரியன் பத்து மடங்கு வரை ஏறி இறங்குகிறது. அந்தக் கதிர் வருவது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து. பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்த வாயுவைப் பிடித்து வைத்திருப்பவை காந்தப்புல வளையங்கள். வளையங்கள் குறைந்தால் கதிரும் குறைந்துவிடும்.

மதுரை வாசகர்: விண்மீன் ஒளியின் நிறமாலையில் தெரியும் கால்சியம் கோடுகளைக் கொண்டு இதை எப்போதோ செய்துவிட்டார்களே?

பதில்: உண்மை. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 1966இல் ஓலின் வில்சன் தொடங்கிவைத்த வேலை அது. நம் கொடைக்கானலிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனை அந்தக் கால்சியம் கோடுகளில் ஒன்றான கே கோட்டில் படமெடுத்து வந்தார்கள். ஆனால் அந்தக் கோடு பேசுவது கொரோனாவுக்குக் கீழே உள்ள நிறமண்டலத்தைப் பற்றி. மேலே என்ன நடக்கிறது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 61 சிக்னி ஏ என்ற விண்மீனில் இரண்டையும் பார்த்தார்கள். ஏறத்தாழ 7 ஆண்டுச் சுழற்சியில் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன.

அதே வாசகர்: அப்படியானால் எக்ஸ் கதிரில் சுழற்சி தெரிந்த விண்மீன்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: பூமியின் வளிமண்டலம் எக்ஸ் கதிரை விடாது, செயற்கைக்கோள் வேண்டும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டன் போன்றவற்றில் நேரம் கேட்டு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். ஒரு விண்மீனுக்கு ஆண்டில் ஓரிரு முறை கிடைத்தாலே பெரிது. அந்த நாளில் விண்மீன் திடீரென்று சீறி எக்ஸ் கதிரைக் கொட்டினால், அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கொழும்பு வாசகி: நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன்களில் ஒன்றான ஆல்ஃபா சென்டாரி ஏ எக்ஸ் கதிரில் மங்கிப்போனது என்கிறார்களே?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2003 முதல் 2005 வரை எக்ஸ்எம்எம்-நியூட்டன் பார்த்தபோது, சூரியனுக்கு நெருங்கிய ஒப்பான அந்த விண்மீன் வெகுவாக மங்கியிருந்தது. பிறகு நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில், இன்னும் குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களில் பார்த்தார்கள். விண்மீன் அங்கேயே இருந்தது! கொரோனா சற்றுக் குளிர்ந்ததால் அதன் கதிர் மென்மையான பக்கம் நகர்ந்துவிட்டது. முதலில் பார்த்த கருவிக்கு அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டவில்லை. ஆகவே ‘இத்தனை மடங்கு குறைந்தது’ என்று யாராவது சொன்னால், எந்த ஆற்றல் பட்டையில் என்று உடனே கேளுங்கள். இன்னொரு தொல்லை: அதன் துணையான பி, 2016 வாக்கில் வானில் வெறும் 4 விகலைத் (விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) தொலைவுக்கு நெருங்கியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க சந்திராவின் கூர்மை தேவைப்பட்டது.

கோவை ஆசிரியர்: இளம் விண்மீன்களிலும் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்குமா?

பதில்: பெரிதாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இதுவரை கண்ட இரண்டிலுமே சிறிதுதான். 60 கோடி ஆண்டு வயதுள்ள அயோட்டா ஹோரோலோகியின் சுழற்சி 1.6 ஆண்டு, எப்சிலான் எரிடானிக்கு ஏறக்குறைய 3 ஆண்டு. எப்சிலான் எரிடானியின் மேற்பரப்பில் பெரும்பகுதி எந்நேரமும் காந்தக் கொந்தளிப்புப் பகுதிகளால் மூடியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிரம்பிய குளத்தில் மழை பெய்து மட்டம் எவ்வளவு உயரும்?

பெயர் குறிப்பிடாதவர்: அருகிலுள்ள கோள்களுக்கு இதனால் என்ன?

பதில்: எக்ஸ் கதிர் கோளின் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி, விண்வெளிக்குக் கசியவிடும். விண்மீனை ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு ‘இங்கே காற்று தங்கும், தங்காது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அது சுழற்சியின் உச்சமா, அடியா என்று தெரியாமல் என்ன தீர்ப்பு?

திருச்சி மாணவி: கடைசியாக ஒன்று ஐயா. இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் இதற்கு உதவுமா?

பதில்: அது சூரியனை மட்டுமே பார்க்கும். ஆனால் அதிலுள்ள சோலெக்ஸ் கருவி, படமெடுக்காமல் முழுச் சூரியனின் எக்ஸ் கதிரையும் ஒன்றாக அளக்கிறது. தொலைவிலுள்ள விண்மீனை நாம் அளப்பதும் இப்படித்தான். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்.