கேள்வி: கடையில் போட்டுக் கொடுத்த கிரெடிட் கார்டை அம்மா பயன்படுத்தவே இல்லை. கேட்கும் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

அம்மாவுக்கு 71 வயது, ஜவுளிக்கடை கவுண்டரில் கார்டு எழுதிக் கொடுத்துவிட்டார், ஒருமுறைகூடத் தேய்க்கவில்லை, இப்போது 4,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதேதான்.

முதலில் இரண்டு விஷயம். அம்மாவைத் திட்டாதீர்கள். போன் போட்டு மிரட்டுகிறார்களே என்று பயந்து இன்றைக்கே கட்டியும் விடாதீர்கள். (அம்மா அந்தக் கார்டில் உண்மையிலேயே ஏதாவது வாங்கியிருந்தால் அந்தத் தொகையை மட்டும் உடனே கட்டிவிடுங்கள். "கடனைக் கட்டாதே என்று சொல்லித் தருகிறாள்" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். வாங்காத பொருளுக்குப் போட்ட கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

அப்பா மதுரையில் 31 வருடம் கண்டக்டராக இருந்தவர். கலெக்‌ஷனில் நாலணா குறைந்தாலும் தன் பையிலிருந்து போட்டு டிப்போவில் கட்டிவிட்டு வருவார். 2022 தீபாவளிக்குப் பேத்திக்குப் பாவாடை சட்டை எடுக்கப் போனார். பில் போடும் இடத்தில் ஒரு பெண், "தாத்தா, இந்தக் கார்டு போட்டீங்கன்னா இன்னைக்கே 500 ரூபா தள்ளுபடி. காசு எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். ஆதார், பான் கொடுத்தார். போனுக்கு வந்த எண்களையும் படித்துச் சொன்னார். தள்ளுபடிக்கான எண் என்றுதான் நினைத்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை கார்டு என்று அவளுக்கும் தலைக்கு மேல் கத்தி தொங்கியிருக்கும்.

கார்டு தபாலில் வந்தது. அப்பா அதைக் கடையின் அடையாள அட்டை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பின் நம்பர்கூடப் போடவில்லை. முதல் வருடம் இலவசமாம். 2023 நவம்பரில் வருடக் கட்டணம் 499, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 588 ரூபாய் 82 காசு பில் ஆனது. பில் போன மின்னஞ்சல் முகவரி அப்பாவுடையது இல்லை. அவருக்கு மின்னஞ்சலே கிடையாது. விண்ணப்பத்தில் கடைக்காரர்களே ஏதோ ஒன்றை நிரப்பியிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் வந்த எஸ்எம்எஸ்ஸைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டியபோதுதான் அப்பாவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. 600 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடை பெயர் போட்ட கார்டுதானே, கடையில்தானே கட்ட வேண்டும்? "இங்க வாங்க மாட்டோம் தாத்தா, பேங்க்ல கட்டுங்க" என்றார்கள். பேங்க் கிளைக்குப் போனால், "கார்டு கணக்கு இங்க இல்லங்கய்யா, ஆப்ல கட்டுங்க" என்றார்கள். திரும்பவும் கடை. பட்டன் போன் வைத்திருப்பவர் எந்த ஆப்பில் கட்டுவார்? பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை அலைந்த மனிதருக்கு, பணம் கட்டவில்லை என்று மாதாமாதம் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. முதலில் 400, பிறகு மாதம் 750, எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி, போதாததற்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி. ஐந்தே மாதத்தில் 588 ரூபாய் 3,900-த்தைத் தாண்டிவிட்டது.

இது எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். 2024 ஏப்ரலில் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி ஏழே முக்காலுக்கு ஒரு போன் வந்தது. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய், "கட்டிடுறேன் சார், கட்டிடுறேன் சார்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வற்புறுத்திக் கேட்டதும், "அவமானமா இருக்கு தாயி, உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். உங்கள் அம்மா விஷயத்துக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் இந்தக் கார்டு விதிகள் 2022-ல் நடப்புக்கு வந்தன. கார்டு வந்து 30 நாளுக்குள் அதை இயக்கத்துக்குக் கொண்டுவராவிட்டால், வங்கி ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறை எண்) மூலம் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் 7 வேலை நாளுக்குள் செலவில்லாமல் கணக்கை மூட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டென்றால், தகவல் சொல்லி மூடும் வேலையைத் தொடங்க வேண்டும். அப்பாவுக்கு அந்த இடத்தில்தான் வருடக் கட்டணம் போட்டார்கள். கட்டாத கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. அதையும் போட்டிருந்தார்கள். கேட்காமலே கொடுத்த கார்டுக்குப் பணம் பிடித்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும்.

வட்டி விகிதத்தைப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது உண்மைதான். அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. நீங்கள் பிடிக்க வேண்டியது ஒப்புதலை.

அப்பாவின் ஒப்புதல் எங்கே என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டேன். வாடிக்கையாளர் ஓடிபி மூலம் ஒப்புதல் அளித்துள்ளார் என்று பதில் வந்தது. எந்தத் தேதியில், எதற்கான ஓடிபி, விண்ணப்பத்துக்கா, கார்டை இயக்குவதற்கா என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 31 வருடம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல் அப்பாவுடையது, ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை வைத்தாலும் விழாது. ஈரத்துணியில் துடைத்து, தலையில் தேய்த்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, சில நாள் அரிசி வாங்காமலே திரும்பி வருவார். தன் பங்கு அரிசிக்கு அவர்தான் அவர் என்று நிரூபிக்க அரை நாள் ஆகிறது. கடனாளி ஆவதற்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. வயதானவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள். நானே ஒன்பது வருடமாக கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். அந்த விதிமுறைத் தாளை நான் முழுதாகப் படித்ததில்லை.

எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் டைரி. பஸ்ஸுக்குக் கொடுத்த காசுகூட அதில் இருக்கும். மூன்று தேதிகளில், "கடை, ரூ.600, வாங்கவில்லை", "பேங்க், ரூ.600, வாங்கவில்லை", "கடை, வாங்கவில்லை" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்தேன். எழுதி 30 நாள் ஆகியும் சரியான பதில் வராததால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் புகார் போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இணையம் வராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், 14448 என்ற போன் எண்ணில் விவரம் சொல்வார்கள்.

ஜூலையில் முழுத் தொகையையும் நீக்கிவிட்டுக் கணக்கை மூடினார்கள். "நல்லெண்ண அடிப்படையில்" என்று கடிதத்தில் இருந்தது. இரு மடங்கு அபராதம் தரவில்லை. அதற்கும் போராடலாம் என்றேன், அப்பா போதும் என்றுவிட்டார். அந்த "நல்லெண்ண" என்ற சொல் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்று ராத்திரி அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யாரிடமாவது பணம் கட்டப் போனாரா, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், எந்தக் கிழமை, கூட யார் இருந்தார்கள். உங்களிடம் சொல்லாமல் போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சொன்னதை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வங்கிக்கு எழுதுங்கள்.