வடிகானுக்கு எந்தக் கட்சி?

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஒழுங்கையில் வடிகான் இல்லை. மாரி வந்தால் பதினைந்து வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வட்டார உறுப்பினரிடம் போனால், பிரதேச சபைத் தவிசாளர் வேறு கட்சி, என் வட்டாரத்தை வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்கிறார். தவிசாளர், மேலே இருந்து காசு வரவில்லை என்கிறார். ஆளும் கட்சி அமைப்பாளரோ, சங்கம் மொத்தமாகத் தங்கள் பக்கம் வந்தால் அடுத்த மாதமே வேலை தொடங்கும் என்கிறார். சபையில் இவர்கள் மேசையில் அடித்துச் சண்டை பிடிக்கிற வீடியோ ஃபேஸ்புக்கில் வருகிறது. போன கிழமை கலியாண வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் சோறு தின்றதை நானே கண்டேன். யாரைப் பிடிப்பது? சங்கம் ஒரு பக்கம் சேர்வதா?

பதில்: தம்பி, கலியாண வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டதற்காகக் கோபிக்காதீர்கள், சாப்பாட்டு மேசையிலாவது ஒற்றுமையாக இருக்கட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. அவர்கள் சபையில் கையை எதற்கு உயர்த்தினார்கள், எதற்கு உயர்த்தவில்லை என்பதுதான். அது வீடியோவில் இருக்காது, சபைக் கூட்டத்தில் நடந்ததை எழுதிவைக்கும் கூட்டறிக்கையில் இருக்கும்.

நான் உள்ளூராட்சி மன்றங்களில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, சபைச் செயலாளராக ஓய்வு பெற்றவன். கூட்டறிக்கை எழுதியே வலது கை நடுவிரல் காய்த்துப்போயிற்று. ஒரு சபையில் தெருவிளக்குத் தீர்மானம் ஒன்று வந்தது, எந்தச் சபை என்று கேட்காதீர்கள். எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழும்பி, மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, மக்கள் பணத்தை வீணாக்காதே என்று முக்கால் மணி நேரம் பேசித் தோற்கடித்தார். அடுத்த தவணையில் அவரே தவிசாளர். அதே விளக்கு, அதே சந்தி, ஒரு கம்பம் கூட மாறாத அதே பட்டியலை அவரே கொண்டுவந்தார். முன்பு அதைக் கொண்டுவந்தவர் இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டார். நான் பழைய கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன், இருவரின் பேச்சும் பெயரை மட்டும் மாற்றினால் போதும் போல இருந்தது. கூட்டம் கலைந்ததும் இரண்டு பேரும் வெளியே நின்று ஒரே தட்டில் வடை எடுத்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த பெடியனுக்கு மட்டும்தான் சிரிப்பு அடங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் உறுப்பினர் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உங்களுக்காகத்தான் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை: எங்கள் ஒழுங்கை பற்றி இந்தத் தவணையில் ஏதாவது தீர்மானம் முன்மொழியப்பட்டதா, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், முடிவு என்ன, அந்த மாத அமர்வின் கூட்டறிக்கைப் பிரதி. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. என் அனுபவத்தில் இப்படிக் கேட்ட பத்துப் பேரில் ஆறு ஏழு பேருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: அப்படி ஒரு முன்மொழிவே வரவில்லை. தவிசாளர் ஒதுக்கினார் என்று சொன்னவர், சபையில் உங்கள் ஒழுங்கையின் பெயரைக்கூட உச்சரித்திருக்க மாட்டார்.

வெளிநடப்பு என்று ஒரு சங்கதி இருக்கிறது, அதையும் கவனியுங்கள். வாக்கெடுப்புக்கு முன் கோஷம் போட்டுக்கொண்டு வெளியே போனவர் எதிர்த்து வாக்களித்தவர் அல்ல. அவர் கணக்கிலேயே இல்லை. வெளியே வந்து கமராவுக்கு முன்னால் வீராவேசமாகப் பேசலாம், உள்ளே தீர்மானம் சுகமாக நிறைவேறும், இரண்டு பக்கத்துக்கும் மனஸ்தாபம் இல்லை. சிலவேளை அது முதல்நாள் இரவே தொலைபேசியில் பேசி முடித்த ஏற்பாடு. எல்லா வெளிநடப்பும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் கூட்டறிக்கையில் 'சபையில் இல்லை' என்ற வரி ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் நீங்களே கணக்குப் போடலாம்.

சரி, அடுத்தது ஒழுங்கை யாருடையது என்பது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதித் திணைக்களத்துக்கு, மிச்சம் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. உங்களுடையது சபைக்குரியதாகத்தான் இருக்கும். ஆனால் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? ஏறாத ஒழுங்கையில் சபை காசு போட்டால் கணக்காய்வில் செயலாளர்தான் மாட்டுவார், அதனால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். இதைக் கட்சிப் பழிவாங்கல் என்று உறுப்பினர் சொல்லித் திரிவார், உண்மையில் ஒரு நில அளவைப் படமும் ஒரு சபைத் தீர்மானமும் இல்லாததுதான் பிரச்சினையாக இருக்கும். முதலில் இதைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

காசு மேலே இருந்து வரவில்லை என்ற தவிசாளரின் பதில் அரை உண்மை. பெரிய வீதிகள், பாலங்களுக்கு மேலிடத்து நிதி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2025 உள்ளூராட்சித் தேர்தல் பிரசாரத்தில், தம் கட்சி வெல்லும் சபைகளின் திட்டங்களுக்கு உடனே ஒப்புதல், மற்றவர்களுடையதைப் பலமுறை பார்த்துத்தான் என்ற பொருளில் ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்கவே மன்னாரில் பேசி அது சர்ச்சையானது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த மாதிரி அரசியலைக் கிழித்துத் தோரணம் கட்டிய கட்சி அது. மன்னார்ப் பேச்சுக்குப் பொங்கி எழுந்த மற்றக் கட்சிகளும் தங்கள் காலத்தில் செய்தது அதைத்தான், அதனால் யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து வீட்டு வடிகானுக்குக் கொழும்பு தேவையில்லை தம்பி. சோலை வரி (ஆதன வரி), வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை என்று சபைக்கு வருகிற சொந்த வருமானத்துக்குக் கட்சி நிறம் கிடையாது. பாதீட்டில், அதாவது சபையின் வரவு செலவுத் திட்டத்தில், அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இன்றைய தேர்தல் முறையில் 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் கட்சிப் பட்டியலில் தெரிவாகிறார்கள். இதனால் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் கிடைப்பதில்லை. அங்கே தவிசாளரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும், பகிரங்கமா இரகசியமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள், சமமாக வந்தால் திருவுளச் சீட்டு. இப்படி வந்த தவிசாளருக்குத் தூக்கம் வராத மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். பாதீடு தோற்றால் கதிரை ஆடும். 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையில் பாதீடு இரண்டு தடவை தோற்று மாநகர முதல்வரின் பதவி போனது நினைவிருக்கும். ஆகவே அந்த நேரத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் வாக்குக்கும் விலை உண்டு. உங்கள் வடிகான் அந்த விலைக்குள் ஏற வேண்டும். ஜனவரியில் போய் அழுதால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். செப்டம்பர் கடைசியிலேயே கடிதம் உள்ளே போக வேண்டும், வட்டார உறுப்பினரிடம் மட்டும் அல்ல, பட்டியலில் வந்தவர்களிடமும். பட்டியல் உறுப்பினருக்குச் சொந்த வட்டாரம் இல்லை, அடுத்த தேர்தலுக்கு ஒரு ஊர் தேடிக்கொண்டிருப்பார், அவருக்கு உங்கள் ஒழுங்கை ஒரு வரப்பிரசாதம். எதிரெதிர்க் கட்சிக்காரர் இரண்டு பேர் ஒரே முன்மொழிவில் கையெழுத்து வைக்கப் பின்வாங்கினால், ஒருவர் முன்மொழியட்டும், மற்றவர் சும்மா எதிர்க்காமல் இருக்கட்டும், அது போதும்.

அமைப்பாளரின் அழைப்புக்கு என் பதில்: வேண்டாம். நீங்கள் தனி ஆளாக எந்தக் கட்சிக்கும் வேலை செய்யுங்கள், அது உங்கள் உரிமை. சங்கத்தின் கடிதத் தலைப்பையும் ரப்பர் முத்திரையையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான சங்க யாப்புகளில் கட்சி சார்பற்றது என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் சேர்கிற பக்கம் நாளை அங்கேயே இருக்கும் என்று யார் சொன்னது?

நம்முடைய கிழக்கு மாகாண சபையையே பாருங்கள். 2012 செப்டம்பரில் 37 ஆசனம்: மஹிந்தவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழரசுக் கட்சி 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. முஸ்லிம் காங்கிரஸ் மஹிந்த தரப்போடு சேர்ந்தது, தமிழரசு எதிர்வரிசையில் இருந்தது. 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார். பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸின் நஸீர் அஹமட் முதலமைச்சர், பிறகு தமிழரசு இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கும் இரண்டு அமைச்சு. இடையில் ஒரு மாகாணத் தேர்தலும் நடக்கவில்லை, அதே சபை. ஊரில் இதற்காக ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருந்த தமிழ், முஸ்லிம் ஆட்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதே நஸீர் அஹமட் பிறகு மட்டக்களப்பு எம்.பி.யாகி, கட்சி முடிவை மீறிப் பாதீட்டுக்கு ஆதரவாக வாக்களித்து, அமைச்சராகவும் ஆனார். கட்சி நீக்கியது, 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் நீக்கியது சரி என்றது, ஆசனம் போயிற்று. ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கிய 2018 ஒக்டோபர் 26 குழப்பத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு எம்.பி. வியாழேந்திரன் மஹிந்த பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார், டிசம்பர் நடுப்பகுதியில் அந்த அரசே இல்லை. பெரியவர்களுக்கு விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கும். அந்த ஏழு கிழமையை நம்பி ஊரில் கொடி மாற்றிய ஒரு சங்கத்துக்கு யார் இருக்கிறார்?

அமைப்பாளரைப் பகைக்கவும் வேண்டாம். மரியாதையாகச் சொல்லுங்கள்: அண்ணன், சங்கம் சேர ஏலாது, ஆனால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எங்கட கடிதத்தை நீங்கள் முன்வைத்தால் திறப்பு விழாவில் உங்கட பெயரையும் சொல்லுவோம். திறப்பு விழாவில் பெயர் சொல்வது மலிவான கூலி, நான் கண்ட எல்லாக் கட்சிக்காரரும் அதற்கு வேலை செய்திருக்கிறார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள், உங்கள் பிரதியில் திகதி முத்திரை விழுந்த பிறகுதான் படி இறங்க வேண்டும். இந்த மாரியில் தண்ணீர் ஏறும்போது ஒரு அடிமட்டத்தைச் சுவரில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள், பதினைந்து வீட்டிலும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கிற காலத்தில் முற்றம் காய்ந்து, புழுதி பறந்துகொண்டிருக்கும்.